ஓர் ஆடு, இரண்டு பேர்

1

ஓர் ஆட்டுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவதற்காக எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். ஓசூர்ப் பக்கம் இருக்கும் உறவினர்களிடம் இதை விளக்கிப் பார்த்தேன். என் சித்தப்பா, "அப்ப அங்க ஆடு மேய்க்கத்தான் போயிருக்க. அத நேரா சொல்லேன்டா" என்றார். அதோடு விளக்குவதை விட்டுவிட்டேன். இப்போது யார் கேட்டாலும் "சாஃப்ட்வேர்" என்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டால் ஊரில் குறுக்குக் கேள்வி வராது.

நான் இருப்பது சுவீடனின் தெற்கு முனையில், கடலோரமாக ஓர் ஊர். வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை. விளையாட்டு கடைக்கு வரும் முன்னால் அதை ஆடிப் பார்த்து, எங்கே இடறுகிறது, எங்கே நின்றுபோகிறது என்று சொல்ல வேண்டும். இத்தனை காலமும் கார் பந்தயங்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று எங்கள் நிறுவனம் பெப்போவை வாங்கிவிட்டது.

பெப்போ, கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டிய ஒரு வெள்ளாடு. மலைமேல் ஓடும். பாறைக்குப் பாறை குதிக்கும். தவறினால் பள்ளத்தில் விழுந்து சாகும், மறுபடி பிறந்து வந்து ஓடும். கதை அவ்வளவுதான். ஒரு காலத்தில் பாகம் பாகமாக வந்து கொண்டாடப்பட்டு, பிறகு சீந்துவாரில்லாமல் கிடந்தது. இப்போது பழைய ரசிகர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது, வாங்கும் வசதியும் வந்துவிட்டது. ஆகவே பிறந்தநாளைச் சாக்காக வைத்து ஆட்டைத் தூசி தட்டி எழுப்புகிறோம்.

பழைய ரசிகர்கள் என்றால் சாதாரண ஆட்கள் இல்லை. முக்கால்வாசிப் பேர் தாடிக்காரர்கள். ஆட்டின் கொம்பு பழைய பாகத்தில் இருந்ததைவிட ஒரு புள்ளி நீளமாக இருக்கிறது என்று கோபப்படுவார்கள். பெற்ற பிள்ளையின் தலைமுடியை இப்படி அளந்து பார்த்திருப்பார்களா தெரியாது. எங்கள் அலுவலகத்தில் இயக்குநர் முதல் காபி இயந்திரம் பழுதுபார்ப்பவர் வரை எல்லோருக்கும் இவர்களைக் கண்டால் பயம்.

இயக்குநரின் பெயர் இங்கிரிட். இந்த நாட்டில் முதலாளியையும் பெயர் சொல்லி, 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்னும் அது வாயில் வரும்போது தோள் கொஞ்சம் குனிகிறது. முதல் கூட்டத்தில் இங்கிரிட், "நீ சின்ன வயதில் பெப்போ ஆடியவன் என்றாயே, ஆடிக் காட்டு" என்று ஜாய்ஸ்டிக்கை என் கையில் கொடுத்தாள். நானும் பெருமையாக முன்னால் போய் உட்கார்ந்து ஆட்டை ஓட்டினேன். முதல் பள்ளம் வந்தது. ஆடு நேராகப் போய் அதில் விழுந்தது.

நான் இடது பக்கம் திரும்பி முறைத்தேன். அங்கே கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"குதிக்கிறவர் யார்?" என்று கேட்டேன்.

"எந்தக் குதிக்கிறவர்?" என்றாள் இங்கிரிட்.

"இது இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதுதானே. ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் குதிக்க வேண்டும்."

"பெப்போவை ஒருவர்தான் ஆட முடியும். எப்போதுமே அப்படித்தான்" என்றாள் அவள், நோயாளியிடம் பேசும் குரலில்.

மற்ற விளையாட்டுகளையெல்லாம் நான் தனியாகத்தான் ஆடியிருக்கிறேன். அந்த ஆடு மட்டும் இருவருக்கானது என்று இத்தனை வருடம் சத்தியமாக நம்பியிருந்தேன். நான் மட்டுமல்ல, ஜூஜுவாடியில் எங்கள் தெருவே நம்பியது.

2

ஜூஜுவாடி என்பது தமிழ்நாடு முடிகிற இடம். எதிரே அத்திபெலே, கர்நாடகம். நடுவில் நாள் முழுக்க லாரிகள். அப்பாவுக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்டு வேலை. அவர் பகலில் தூங்கும் நாட்களில் நானும் தங்கை ஸ்டெல்லாவும் வீட்டில் மூச்சு விடக்கூடாது. அம்மா எங்களை வெளியே துரத்திவிடுவாள். நாங்கள் போகும் இடம் முனிராஜப்பா கடை.

முனிராஜப்பா வாடகைக்கு சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தவர். பிறகு பெங்களூரிலிருந்து ஒரு டிவி கேம் பெட்டி வாங்கி வந்து பின்னறையில் வைத்தார். கூடவே ஒரே ஒரு திருட்டுக் கேசட், அதில் ஒரே ஒரு ஆடு. நேரக் கணக்கு வைக்கப் பின்னறையில் கடிகாரம் இல்லாததால் உயிர்க் கணக்கு வைத்தார். மூன்று உயிர் போனால் எழுந்துவிட வேண்டும்.

பெட்டியோடு இரண்டு ஜாய்ஸ்டிக் வந்தன. தெருப் பிள்ளைகள் குத்திய குத்தில் இரண்டும் சீக்கிரமே செத்தன. ஒன்றில் குதிக்கும் பட்டன் போயிற்று. மற்றதில் அந்த பட்டன் மட்டும்தான் மிஞ்சியது. புதிது வாங்கிப் போட முனிராஜப்பாவுக்கு மனம் வரவில்லை. பக்கத்து டிவி மெக்கானிக்கிடம் கொடுத்து, இரண்டையும் ஒயரால் ஒட்டுப்போட்டு ஒன்றாக்கி வாங்கி வந்தார். அன்றிலிருந்து ஒருவன் ஓட்ட வேண்டும், இன்னொருவன் குதிக்க வேண்டும். எங்களுக்கு விவரம் தெரிந்து அந்தப் பின்னறைக்குள் நுழைந்தபோது அது அப்படித்தான் இருந்தது. உலகம் முழுக்க ஆடு அப்படித்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு. ஒட்டுப்போட்ட இடம் லூஸ். அசைந்தால் ஆடு நின்றுவிடும். ஆகவே காசில்லாமல் வந்த யாராவது ஒருவர் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அதற்குப் பெயர் ஒயர் பிடிப்பது. கூலியாக இலவசமாகப் பார்க்கலாம். பேசக்கூடாது, தும்மக்கூடாது.

நான் ஓட்டுவேன், ஸ்டெல்லா குதிப்பாள். மற்ற ஜோடிகள் ஆடும்போது பின்னறை சந்தைபோல இருக்கும். தமிழ்ப் பையன் "குதிடா" என்று கத்துவான், தெலுங்குப் பையன் "எகுரு" என்பான், கன்னடப் பையன் "ஹாரு" என்பான். ஆடு எந்த மொழியிலும் நேரத்துக்குக் குதிக்காமல் பள்ளத்தில் விழும். நாங்கள் ஆடும்போது மட்டும் சத்தமே இருக்காது. என் தோள் அவள் தோளில் இடித்துக்கொண்டிருக்கும். நான் எப்போது பள்ளத்தை நெருங்குகிறேன் என்பது அவளுக்குத் திரையைப் பார்க்காமலே தெரியும். வீட்டில் நாங்கள் நாயும் பூனையும்தான். அந்தப் பின்னறையில் மட்டும் அவள்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

கடைசியில் ஒரு மணிக்கூண்டு வரும். அதன் உச்சிக்கு ஆடு போனதும் படம் அப்படியே உறைந்துவிடும். திருட்டுக் கேசட்டின் கோளாறு. எங்களுக்கு அது தெரியாது. விளையாட்டு முடிந்தது என்று கைதட்டிவிட்டு எழுந்துவிடுவோம். அதற்கு மேல் என்ன ஆகும் என்பதில் ஸ்டெல்லாவுக்குச் சந்தேகமே இல்லை. "மேல போனதும் ஆட்ட வெட்டி பிரியாணி போட்டுருவாங்க. சின்னப் பசங்க பாக்கக் கூடாதுன்னுதான் படத்த நிறுத்திடறாங்க" என்பாள்.

இதையும் அந்தக் கூட்டத்தில் நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் அறையைவிட்டு வெளியே போய்விட்டாள். அவள்தான் ஆட்டை வரைகிறவள்.

3

ஊரைவிட்டு வந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு கடமை உண்டு. மத்தியானம் நான் ஸ்டெல்லாவைக் கூப்பிடுவேன். அங்கே அப்போது டீ நேரம். அவள் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். எங்கள் பேச்சு இப்படிப் போகும்.

"சாப்டியாண்ணா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. அங்க குளிரா?"

"ஆமா."

"பாப்பா எங்க?"

பாப்பா என்பது என் மகள் நோரா. இங்கேயே பிறந்தவள். அவளுடைய தமிழ், நான் ஏசுவதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் வளர்ந்திருக்கிறது. கேமரா முன்னால் வந்து, "அத்தை வணக்கம், நான் நல்லா இருக்கேன்" என்று பள்ளி ஆண்டுவிழாவில் ஒப்பிப்பதுபோல ஒப்பித்துவிட்டு ஓடிவிடுவாள். ஸ்டெல்லாவுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆலை ஆங்கிலம் தெரியும். நோராவுக்கு சுவீடிஷ், ஆங்கிலம், பள்ளியில் கொஞ்சம் ஸ்பானிஷ். இத்தனை மொழிகளை வைத்துக்கொண்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். பிறகு நானும் ஸ்டெல்லாவும் மிச்சமிருக்கும் மௌனத்தை அரிசி விலை பேசி நிரப்புவோம்.

இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். என் தங்கையை எனக்கு இப்போது சரியாகத் தெரியாது. நான் விமானம் ஏறியபோது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அவளுடைய கோபம், சிரிப்பு, முழங்கால் வலி எல்லாம் எனக்குச் செய்தியாகத்தான் வருகின்றன. அந்த முதல் கூட்டத்தில் இடது பக்கம் திரும்பியபோது அங்கே அவள் இல்லாதது எனக்கு உறைத்தது. ஆகவேதான் மறுநாள் இங்கிரிட்டிடம் போய்ப் பிடிவாதமாக நின்றேன். புதிய பெப்போவில் இருவர் ஆடும் முறை ஒன்று வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் குதிக்க, உலகின் எந்த மூலையில் இருந்தாலும்.

"பழைய ரசிகர்கள் நம்மைக் கொன்றுவிடுவார்கள்" என்றாள் இங்கிரிட்.

"நானும் பழைய ரசிகன்தான்."

"நீ ஒருவன்."

"இல்லை, இரண்டு பேர்" என்றேன்.

அவள் யோசித்தாள். நிரல் எழுதும் பையன்கள் அதைச் செய்வது சுலபம் என்று சொல்லிவிட்டதால் மறுக்கவும் வழியில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். ரசிகர்களுக்கென்று ஒரு நாள் வைத்து, புதிய ஆட்டை முதன்முதலாகக் காட்டப்போகிறோம். அன்று நானும் தங்கையும் அவர்கள் முன்னால் இந்த முறையில் ஆட வேண்டும். பிடித்தால் இருக்கும், முகம் சுளித்தால் தூக்கிவிடுவார்கள்.

4

ஸ்டெல்லாவிடம் சொன்னபோது, "அந்த ஆடு இன்னுமா உசுரோட கீது?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் சம்மதித்துவிட்டாள். எங்கள் சட்டப்பிரிவு சம்மதிக்கவில்லை. வெளிவராத விளையாட்டை வெளியாள் ஆடலாமா? வேறொரு நாட்டில் இருந்துகொண்டு பட்டன் அழுத்துவது வேலையாகுமா? வேலையென்றால் வரி எந்த நாட்டுக்கு? காயம்பட்டால் யார் பொறுப்பு? விழப்போவது ஆடுதான் என்று சொல்லிப் பார்த்தேன். அதைக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு இந்த நாட்டில் தங்க அனுமதி வாங்கியபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை. அந்த அதிகாரி என் வேலை என்னவென்று கேட்டார், விளையாடுவது என்றேன், பாவமாகப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

வாரக்கணக்கில் யோசித்து, ஸ்டெல்லாவை 'விருந்தினர்' என்று வகைப்படுத்தினார்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒரு கட்டு போயிற்று. ஆலையில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள் என்று பெயரெடுத்தவள், இதையும் வரி விடாமல் படித்தாள்.

"ஆட்டப் பத்தி யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு போட்டிருக்குது. நான் யாருகிட்டடா சொல்லப்போறன்? எங்க லைன்ல இருக்கற பொண்ணுங்ககிட்டயா? ஆடு கட்டி வெச்சிருக்கியா, பிரியாணிக்கு ஒண்ணு தேறுமான்னு அவளுங்க கேப்பாளுங்க" என்றாள். கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

5

முதல் ஞாயிறு ஒத்திகை கேவலமாக இருந்தது. நான் வரவேற்பறையில் ஜாய்ஸ்டிக்கோடு. அவள் ஓசூரில் லேப்டாப் முன்னால், கட்டைவிரலை ஸ்பேஸ் பாரில் வைத்துக்கொண்டு. ஆடு பள்ளத்தில் விழுந்த பிறகு குதித்தது. அவள் அழுத்துவது இங்கே வந்து சேரக் கொஞ்சம் நேரமாகிறது. கண் சிமிட்டும் நேரம்தான், ஆனால் ஆடு சாக அது போதும்.

"நீ குதிக்கவே இல்ல!" என்றேன்.

"நான் எப்பவோ குதிச்சிட்டன். நீதான் மாடு மாதிரி போயி உழற. கார் ஓட்டி ஓட்டி உனக்குக் கை மரத்துப்போச்சி. பிரேக்குன்னு ஒண்ணு இருக்குது தெரியுமா?"

"ஆட்டுக்கு ஏதுடி பிரேக்கு?"

"உன் வாய்க்கும் இல்ல."

சண்டை வளர்ந்தது. பல வருடமாக நாங்கள் போட்ட முதல் சண்டை அது. இங்கே நான் யாரோடும் சண்டை போடுவதில்லை. சண்டை போடும் அளவுக்கு சுவீடிஷ் எனக்கு வராது. பக்கத்து வீட்டுக்காரர் என் சைக்கிளை நகர்த்தி வைத்தால்கூட நன்றி சொல்லிவிட்டு வருகிறவன். அன்று தொண்டை வலிக்கக் கத்தினேன், மனம் லேசாகிவிட்டது.

கதவருகே சத்தம் கேட்டது. நோரா நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவை ஒருவர் இப்படித் திட்டி அவள் பார்த்ததில்லை. "அத்தை என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். மொழிபெயர்க்க மறுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அவள் முன்கூட்டியே வந்து சோபாவில் இடம்பிடித்தாள். அதற்கடுத்த ஞாயிறு ஆடு விழுந்ததும், "மாடு மாதிரி!" என்று தெளிவான தமிழில் சொன்னாள். லேப்டாப்பில் ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மெல்ல மெல்ல ஸ்டெல்லா தாமதத்தைப் பழகிவிட்டாள். நான் பள்ளத்தை நெருங்கும் முன்பே, நெருங்கப்போகிறேன் என்பதை வைத்து அழுத்தினாள். எப்படி முடிகிறது என்று கேட்டேன். "நீ குதிக்கப்போற எடத்துல மூச்ச இழுத்துப் புடிப்ப. சின்ன வயசுலருந்து அப்டித்தான். மைக்குல கேக்குது" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேமராவை மேலே திருப்பிக் கூரையைக் காட்டினேன்.

6

ரசிகர் நாள். அரங்கம் முழுக்கத் தாடிகள், ஆடு போட்ட பனியன்கள். ஒருவர் கழுத்தில் சிவப்புத் துண்டே கட்டியிருந்தார். பள்ளி விடுமுறை என்பதால் நோராவும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரிய திரையின் மூலையில் ஸ்டெல்லாவின் முகம். ஷிஃப்டு முடிந்து வந்தவள், ஆலைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

தொடங்கினோம். முதல் பள்ளத்தை ஆடு தாண்டியது. இரண்டாவதையும் தாண்டியது. முன்வரிசைத் தாடி ஒன்று, "குதிக்கும் முன் ஆடு யோசிக்கிறது. மூலத்தில் அப்படிக் கிடையாது" என்று உரக்கச் சொன்னது. எனக்கு வியர்த்தது. பனிப்பாறை, உடையும் பாலம், கழுகு எல்லாம் கடந்தோம். அரங்கம் இறுக்கமாக அமைதியாக இருந்தது. ரசிக்கிறார்களா, கொல்லப்போகிறார்களா, தெரியவில்லை.

மணிக்கூண்டு வந்தது. உச்சிக்கு ஏறினோம். என் விரல் தானாக நின்றுவிட்டது. வாழ்நாளில் இந்த இடத்தில்தான் நாங்கள் கைதட்டிவிட்டு எழுந்திருக்கிறோம். ஒத்திகையிலும் பழக்கதோஷத்தில் இங்கேயே நிறுத்தியிருந்தோம். என்னைப்போல ஒரு சோதனைக்காரன் உலகத்தில் இருக்கமாட்டான்.

"அண்ணா, இதுக்கு மேல என்னா?" என்றாள் ஸ்டெல்லா, அரங்கம் முழுக்கக் கேட்க.

"தெரியாது."

"தெரியாதா? உனக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்க!"

ஆடு உச்சியில் நின்றது. கூண்டு இடிய ஆரம்பித்தது. நான் மூச்சைக்கூட இழுக்கவில்லை. அப்போது நோரா என் கையிலிருந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கினாள். ஞாயிறுகளில் நாங்கள் எழுந்துபோன பிறகு அவள் தனியாக உட்கார்ந்து, ஒருவர் ஆடும் முறையில் மேலே ஆடியிருக்கிறாள்.

"அத்தை, நில்லு... நில்லு... இப்ப குதி!"

ஸ்டெல்லா குதித்தாள். "இன்னொண்ணு! குதி!" குதித்தாள். "மெதுவா... மாடு மாதிரி போகாத!" என்று நோரா கத்த, "அது உங்கப்பாவுக்கு, எனக்கில்ல! எட்டிப் போடு பாப்பா!" என்று ஸ்டெல்லா கத்த, ஆடு இடியும் கற்கள்மீது தாவித் தாவி மலையுச்சிப் புல்வெளியில் போய் விழுந்தது. மணி அடித்தது. ஆடு புல் மேய்ந்தது. அவ்வளவுதான் முடிவு.

"பிரியாணி போடலியே!" என்றாள் ஸ்டெல்லா, உண்மையான ஏமாற்றத்தோடு.

முன்வரிசைத் தாடி எழுந்தார். அவர் மேடைக்கு வராமல் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத இன்னொரு தாடியிடம் திரும்பி, "நான் ஓட்டட்டுமா, நீ குதிக்கிறாயா?" என்று கேட்டார். பிறகு எல்லோரும் ஜோடி சேர்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சாயங்காலத்துக்குள் அரங்கம் முனிராஜப்பாவின் பின்னறைபோல ஆகிவிட்டது. கத்தியதெல்லாம் சுவீடிஷ் என்பதுதான் வித்தியாசம்.

இருவர் முறையை வைத்துக்கொள்வதாக இங்கிரிட் சொன்னாள். பெயர் என்ன வைக்கலாம் என்று கேட்டாள். ஓசூர் என்றேன். விளையாட்டின் தொடக்கப் பட்டியலில் அந்தப் பெயரே இப்போது இருக்கிறது. ஸ்டெல்லாவுக்கு அதிலும் குறைதான். "கடை இருந்தது ஜூஜுவாடில. பேரு மட்டும் ஓசூருக்கா?" என்றாள். ஜூஜுவாடி இவர்கள் வாயில் நுழையாது என்று சமாதானம் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் வழக்கம்போலக் கூப்பிட்டேன். லேப்டாப் தயாராக இருந்தது, அவள் கட்டைவிரலும் ஸ்பேஸ் பாரில் தயாராக இருந்தது. நான் ஜாய்ஸ்டிக்கை எடுத்தேன்.

"சாப்டியா?" என்றேன்.

"அதெல்லாம் ஆச்சு. நீ எந்திரி. பாப்பாகிட்ட குடு."

நோரா ஏற்கெனவே பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்கு என்ன வேலை?"

"நீ ஒயரப் புடி" என்றாள் ஸ்டெல்லா.

இங்கே ஒயரே கிடையாது. இருந்தாலும் நான் போய் மகளுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பேசவில்லை. தும்மல் வந்தது, அதையும் அடக்கிக்கொண்டேன்.